பிள்ளைகளுக்கு வாய்விட்டு வாசிக்க: எந்தப் பழைய புத்தகம், எந்தப் பதிப்பு?

கெடிலக்கரை (திருப்பாதிரிப்புலியூர்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. இரண்டு பேரும் ஆங்கில வழிப் பள்ளி. வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் எழுத்துத் தமிழ் காதில் விழுவது பாடப் புத்தகத்தோடு சரி. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு 20 நிமிடம் ஒரு நல்ல பழைய புத்தகத்தை வாசித்துக் காட்டலாம் என்று இருக்கிறோம். சில நாள் நான், சில நாள் அவர்கள் பாட்டி.

நல்ல புத்தகம் என்று நான் சொல்வது, முடிவில் நீதி போட்டிருக்கும் புத்தகத்தை அல்ல. மொழி சுத்தமாக இருக்க வேண்டும். பிள்ளைகள் மனதில் பயமும் கசப்பும் ஏற்றக் கூடாது. வாசிக்கும் பெரியவர்களுக்கும் அலுக்கக் கூடாது.

தெரிந்துகொள்ள விரும்புவது: கடையில் பஞ்சதந்திரம் மட்டுமே ஏழெட்டு விதமாக இருக்கிறது, எதைப் பார்த்து எடுப்பது? உலகக் கதைகளின் தமிழ்ச் சுருக்கங்களை நம்பலாமா? "சென்றான், கூறினான்" என்று அப்படியே வாசிப்பதா, "போனான், சொன்னான்" என்று மாற்றிக்கொள்வதா? கடலூர், புதுச்சேரியில் எங்கே கிடைக்கும்?


வாசிப்புத் திண்ணை (புதுச்சேரி) பதில்:

தலைப்பை யாரும் சொல்லிவிடலாம். உங்களுக்கு உண்மையில் வேலை வைப்பது பதிப்பு. ஒரே கதை ஒரு பதிப்பில் தேனாக ஓடும், இன்னொன்றில் நாக்கைக் கட்டிப்போடும். அதனால் கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளைச் சொல்கிறேன்.

முதல் பக்கத்தைப் பார்க்காதீர்கள். முதல் பக்கத்தை எல்லாரும் கவனமாக எழுதியிருப்பார்கள். நடுவில் எங்காவது பிரித்து, ஒரு பத்தியை உதடு அசைய வாசியுங்கள். ஒரே பத்தியில் வாய் இரண்டு இடத்தில் இடறினால் அந்தப் புத்தகம் தனியாகப் படிக்க ஆகலாம், வாசித்துக் காட்ட ஆகாது. ஒரே மூச்சில் முடியாத வாக்கியம் பக்கத்துக்கு ஒன்று இருந்தால் பரவாயில்லை. வரிசையாக வந்தால் வைத்துவிடுங்கள்.

அடுத்து, தலைப்புப் பக்கத்தின் பின்பக்கம். மூல ஆசிரியர், மூலத் தலைப்பு, மொழிபெயர்த்தவர் பெயர், முதல் பதிப்பு வந்த ஆண்டு ஆகியவை இருக்கின்றனவா? "தொகுப்பு: ஆசிரியர் குழு" என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் அது சுருக்கத்தின் சுருக்கம். சுருக்கம் என்பதே குற்றமில்லை. சுருக்கியவர் தன் பெயரைப் போட்டு, சுருக்கம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் அதை நம்பி வாங்கலாம். பிறகு ஏதாவது மூன்று பக்கம் எழுத்துப் பிழை பாருங்கள். ல, ள, ழ மாறியிருந்தால் மெய்ப்புப் பார்க்காத புத்தகம். பாட்டி ஒருவிதமாக, நீங்கள் ஒருவிதமாக, அச்சு இன்னொருவிதமாக என்றால் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்?

உலகக் கதைகளுக்கு ஒரு கூடுதல் சோதனை உண்டு. மூலத்தில் நிச்சயமாக இருக்கும் ஒரு நிகழ்ச்சியைத் தேடுங்கள். பினோக்கியோவின் மூலம் 1883-இல் நூலாக வந்தது, 36 அத்தியாயம். அதில் 4-வது அத்தியாயத்திலேயே மரப்பொம்மை சுத்தியலை வீசிப் பேசும் சில்வண்டைக் கொன்றுவிடுகிறது. உங்கள் கையில் உள்ள தமிழ்ப் புத்தகத்தில் சில்வண்டு கடைசி வரை கூடவே வந்து புத்தி சொன்னால், அது திரைப்படத்தைப் பார்த்து எழுதியது. கிப்ளிங்கின் காட்டுக் கதைகளும் (1894) அப்படித்தான்: நூலில் கா என்ற மலைப்பாம்பு, காட்டில் வளரும் சிறுவன் மௌக்லிக்கு நண்பன், குரங்குக் கூட்டத்திடமிருந்து அவனை மீட்கப் போகிறது. அதைக் கெட்டவனாகக் காட்டினால் அதுவும் படத்தின் வழி வந்ததுதான்.

இந்தச் சோதனைகளில் தேறும் புத்தகத்தை அச்சிலும் பாருங்கள். எழுத்து 14 புள்ளிக்குக் குறைந்தால் பாட்டிக்கு இரவு விளக்கில் சிரமம். மடியில் மல்லாத்தி வைத்தால் தானாக விரிந்து நிற்க வேண்டும். பசை மட்டும் போட்ட முதுகு நம் கடற்கரைக் காற்றில் ஒரு மழைக்காலம் தாண்டினால் விட்டுப்போகும். நூல் தைத்த கட்டு கிடைத்தால் பத்து இருபது ரூபாய் கூடினாலும் அதையே எடுங்கள்.


பெருமாள் கோயில் வீதி (புதுச்சேரி) பதில்:

பஞ்சதந்திரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் ஐந்து பகுதிகள். பெரும்பாலான புத்தகங்கள் முதல் பகுதியான மித்திரபேதத்தில் தொடங்கும். சிங்கத்துக்கும் எருதுக்கும் இருந்த நட்பை ஒரு நரி கெடுக்கும் கதை. கடைசியில் எருது சாகிறது, சூழ்ச்சி செய்த நரி மந்திரியாகிறது. அது அரச குமாரர்களுக்கு அரசியல் சொல்லிக்கொடுக்க வந்த நூல், அதனால் அப்படித்தான் இருக்கும். முழு மொழிபெயர்ப்பு என்றால் அதே பகுதியில் கள்ளக் காதல், மூக்கறுப்பு எல்லாம் உண்டு. இன்னொரு சிக்கல், கதைக்குள் கதை, அதற்குள் இன்னொரு கதை. ஐந்து வயதுக்காரர் மூன்றாவது கதைக்குள் நுழையும்போது முதல் கதையின் சிங்கத்தை மறந்திருப்பார்.

ஆகவே இரண்டாம் பகுதியிலிருந்து ஆரம்பியுங்கள். காகம், எலி, ஆமை, மான் நான்கும் நண்பர்களாவது. வலையோடு பறந்து வந்த புறாக்களை எலி கடித்து விடுவிக்கும் இடம் சின்னவருக்கு அப்படியே பிடிக்கும். அது முடிந்த பிறகு குரங்கும் முதலையும், கீரியும் குழந்தையும் என்று தனித்தனிக் கதைகளாகப் பொறுக்கிக்கொள்ளலாம். கீரிக் கதை சோகமாக முடியும், அதைப் படுக்கப் போகும் நேரத்துக்கு வைக்காமல் பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரத்தொரு இரவுகளிலும் இதே கவனம் வேண்டும். எல்லாக் கதைகளையும் கட்டும் வெளிக்கதையே, நாளுக்கு ஒரு மனைவியைக் கொல்லும் அரசனைப் பற்றியது. பிள்ளைகளுக்கு அது தேவையில்லை. சிந்துபாத்தைத் தனியாக எடுங்கள். ஏழு பயணம், ஒவ்வொன்றுக்கும் தனித் தொடக்கம், தனி முடிவு. அலிபாபாவில் அண்ணன் காசிம் துண்டாக்கப்படுவதும் கொதிக்கும் எண்ணெயும் இருக்கின்றன, மகளுக்கு 10, 11 ஆன பிறகு வாசியுங்கள்.

விக்கிரமாதித்தன் கதைகளில் வேதாளம் சொல்பவை ஒவ்வொன்றும் ஒரு கேள்வியில் முடிவதால் வீடே கூடி வாதாடலாம், அவ்வளவு அருமையான வடிவம். ஆனால் தலை வெட்டுவதும் தலை மாறுவதும் வரும். நீங்கள் முன்கூட்டி வாசித்து, நாலைந்தைப் பொறுக்கி மகளுக்கு மட்டும் வாசியுங்கள்.

பரமார்த்த குரு கதையை அவசியம் பட்டியலில் சேருங்கள். வீரமாமுனிவர் (1680–1747) எழுதியது, 1822-இல் லண்டனில் அச்சானது. பிள்ளைகளோடு வாய்விட்டுச் சிரிக்க இதைவிட நல்ல பழைய நூல் தமிழில் குறைவு. ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை வைத்துப் பார்ப்பது, ஆளை எண்ணும்போது தன்னை விட்டுவிட்டு எண்ணுவது, பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குவது என்று ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடியும். இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். சீடர்களின் பெயர்களே வசவுகள் (மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன்). பிள்ளைகள் மறுநாளே ஒருவரை ஒருவர் அப்படிக் கூப்பிட ஆரம்பிப்பார்கள், அதை முதல் நாளே பேசிவிடுங்கள். கடைசிக் கதையில் குரு இறந்துபோகிறார். சின்னவருக்கு அதை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய கதையோடு நிறுத்தலாம்.


பாகூர் ஏரிக்கரை பதில்:

சென்றானா, போனானா என்ற கேள்விக்கு வருகிறேன். இதில்தான் பெரும்பாலான வீடுகளில் வாசிப்பு நின்றுபோகிறது.

முழுக்கப் பேச்சுத் தமிழுக்கு மாற்றினால் நீங்கள் செய்வது கதை சொல்வது. அது நல்லதுதான், பாட்டி அதைத் தனியாகச் செய்யட்டும். ஆனால் உங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துத் தமிழ் காதுக்கே வரவில்லை என்றுதானே தொடங்கியிருக்கிறீர்கள்? முழுக்க மாற்றினால் அந்தப் பழக்கம் வராமலே போகும். அப்படியே வாசித்தாலோ ஐந்து வயதுக்காரர் இரண்டாம் நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்.

நடுவழி இது. கதையை நகர்த்தும் வரிகளை எழுதியபடியே வாசியுங்கள். பாத்திரங்கள் பேசும் வரிகளை மட்டும் பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். "நான் உன்னோடு வரமாட்டேன்" என்று குரங்கு பேசுவதை "நான் உன்கூட வரமாட்டேன்" என்று சொன்னால் போதும், கதையை நகர்த்தும் "என்று கூறியது" அப்படியே இருக்கட்டும். ஒரு மாதம் போனால் "கூறியது", "வினவியது", "சென்றது" எல்லாம் பழகிவிடும். ஏழு வயதுக்கு மேல் பேச்சு வரிகளையும் எழுதியபடியே வாசிக்கலாம், குரலில் மட்டும் வித்தியாசம் காட்டினால் போதும்.

தெரியாத சொல் வந்தால் நிறுத்திப் பொருள் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லை வாசித்துவிட்டு, மூச்சு விடாமல் பக்கத்திலேயே தெரிந்த சொல்லையும் சேர்த்து வாசியுங்கள்: "புரவி, அதாவது குதிரை, பாய்ந்து வந்தது." ஒரு பக்கத்தில் ஐந்துக்கு மேல் இப்படிச் செய்ய வேண்டியிருந்தால் புத்தகம் இன்னும் ஒரு வருடம் காத்திருக்கட்டும்.

தமிழில் வாசித்துக் காட்டுபவர்களுக்கு மட்டுமே வரும் ஒரு தொல்லை உண்டு. யார் பேசினார் என்பது பேச்சு முடிந்த பிறகுதான் தெரியும். "..." என்றது நரி. அதற்குள் நீங்கள் சிங்கத்தின் குரலில் வாசித்து முடித்திருப்பீர்கள், பிள்ளை உடனே பிடித்துக்கொள்ளும். பகலில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அன்றைய பக்கங்களில் ஒவ்வொரு பேச்சுக்கும் ஓரத்தில் பென்சிலால் "சி", "ந", "எ" என்று ஓர் எழுத்து போட்டு வையுங்கள். அதே சமயம் நீண்ட வாக்கியங்களில் மூச்சு விடும் இடத்திலும் ஒரு கோடு இழுங்கள். "எழுந்து", "பார்த்துவிட்டு", "ஓடிப்போய்" போன்ற எச்சங்களுக்குப் பின்னால் விடலாம். பெயருக்கும் அதற்கு முன்னால் வரும் அடைக்கும் நடுவே விடக் கூடாது, பொருள் சிதறும்.

குரல் மாற்றம் இரண்டு அல்லது மூன்று போதும். ஐந்து ஆறு குரல் வைத்தால் மறுநாள் எது யாருடையது என்று உங்களுக்கே நினைவிருக்காது. பிறகு, உம் கொட்டச் சொல்லுங்கள். பழைய வழக்கம்தான், ஆனால் இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. உம் சுருங்கினால் வேகம் அதிகம். உம் நின்றால் ஒன்று தூக்கம், இல்லையென்றால் கதை கைவிட்டுப் போய்விட்டது. இரண்டு பத்தி பின்னால் போய் மறுபடி தொடங்குங்கள்.


நெல்லிக்குப்பம் வாசகி பதில்:

மேலே பெருமாள் கோயில் வீதி சொன்னதில் பாதியை ஏற்கிறேன், பாதியை ஏற்கவில்லை. பயமுறுத்துவதையெல்லாம் வெட்டிக்கொண்டே போனால் கதையில் எலும்பே மிஞ்சாது. கீரி சாவதை ஏன் பகலுக்கு ஒத்திப்போட வேண்டும்? கொடுமை நடந்தது, அது தவறு என்று கதை தெரிந்துகொண்டிருக்கிறதா என்பதைப் பாருங்கள். கீரிக் கதையில் அவசரப்பட்ட தாய் அழுகிறாள், கதை அவளோடு அழுகிறது. அப்படிப்பட்ட துக்கம் பிள்ளையைக் கெடுக்காது.

நான் விலக்கச் சொல்வது வேறு வகையை. கறுப்பாக இருப்பதே கேலி, நொண்டி என்றால் கெட்டவன், சிற்றன்னை என்றால் கொடியவள், குறிப்பிட்ட தொழில் செய்கிறவன் என்றாலே முட்டாள் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு, அதைத் தவறென்றே காட்டாத கதைகள். பழைய தொகுப்புகளில் இது நிறைய. நடுவில் ஒரு வரி வந்தால் தாண்டிவிடலாம். கதையே அதன் மேல் நின்றால் அந்தக் கதை வேண்டாம். தாண்டும்போது தடுமாறினால் பிள்ளை எட்டிப் பார்க்கும், அதனால் பென்சில் குறியோடு பகலிலேயே அடைப்புப் போட்டு வையுங்கள்.

இன்னொன்று, கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்காதீர்கள். அது பள்ளிக்கூடத்துக் கேள்வி. அச்சில் கீழே "நீதி:" என்று இருந்தாலும் வாசிக்க வேண்டியதில்லை. பிள்ளை தானாகக் கேட்டால் மட்டும் பேசுங்கள், அதுவும் மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது வரும் கேள்விதான் பெரும்பாலும் நல்ல கேள்வி.


கெடிலக்கரை:

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு மிக்க நன்றி. பென்சில் குறி யோசனையைப் பாட்டிக்கும் காட்டிவிட்டேன். ஒரு சந்தேகம்: 9-க்கும் 5-க்கும் ஒரே புத்தகம் சரிவருமா? அல்லது இருவருக்கும் தனித்தனியா? அப்புறம், எங்கள் ஊரில் பிறந்த எழுத்தாளர்கள் யாராவது இந்த வயதுக்கு ஏற்றபடி எழுதியிருக்கிறார்களா? ஊர்ப் பெயர் வந்தால் பிள்ளைகள் இன்னும் ஒட்டிக்கொள்வார்கள்.


வாசிப்புத் திண்ணை:

ஊர்க் கேள்வியை முதலில் முடிக்கிறேன். புதுமைப்பித்தன் 1906-இல் பிறந்தது உங்கள் திருப்பாதிரிப்புலியூரில்தான். ஜெயகாந்தன் 1934-இல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தார். ஆனால் இருவரும் பெரியவர்களுக்கு எழுதியவர்கள். ஊர்ப் பாசத்தில் இப்போதே எடுத்துவிடாதீர்கள், மகள் பதினைந்து பதினாறில் தானே வந்து எடுப்பாள்.

பக்கத்தில் புதுச்சேரியில் இருக்கிறது உங்களுக்கு வேண்டியது. பாரதி 1908 முதல் 1918 வரை இங்கே இருந்தார். பாப்பா பாட்டு அந்த ஆண்டுகளில் பிறந்ததுதான், ஐந்து வயதுக்கு முதல் நாளே தொடங்கலாம். குயில் பாட்டு முழுவதும் பிள்ளைகளுக்கு அல்ல, ஆனால் குயில் குரங்கைப் புகழ்ந்து பாடும் பகுதியை மகளுக்கு வாசித்துப் பாருங்கள், அதன் நையாண்டி ஒன்பது வயதுக்கு நன்றாகவே எட்டும். முத்தியால்பேட்டைப் பக்கம் குயில் தோப்பும், ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடும் இருக்கின்றன. பாரதிதாசன் (1891–1964) பிறந்ததே இந்த ஊரில். அவருடைய இளைஞர் இலக்கியம் பிள்ளைகளுக்கென்றே உள்ள பாடல்கள். தாளம் அழுத்தமாக இருப்பதால் வாசிக்கத் தெரியாதவர் வாயிலும் சரியாக விழும்.

கி. ராஜநாராயணன் இடைசெவலில் பிறந்தாலும் கடைசிப் பல ஆண்டுகள் புதுச்சேரியில் வாழ்ந்து 2021-இல் இங்கேயே மறைந்தார். பறவைகளைத் தேடித் திரியும் சிறுவனைச் சுற்றி எழுதிய பிஞ்சுகள் என்ற குறுநாவல் மகளுக்குப் பொருந்தும். கரிசல் சொற்கள் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புதிது, ஆகவே ஓர் அத்தியாயம் முன்கூட்டி வாசித்துப் பொருள் குறித்துக்கொள்ளுங்கள். அவர் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளை மட்டும் அப்படியே திறந்து வாசித்துவிட வேண்டாம். ஊர்ச் சனங்கள் சொன்னதைச் சொன்னபடி பதிந்த தொகுப்புகள் அவை, வயது வந்தவர்களுக்கான கதைகளும் நடுநடுவே வரும்.

உங்கள் மாவட்டத்துக்கென்று இன்னொன்று: பொன்னியின் செல்வன் வீராணம் ஏரிக் கரையில் ஆடிப்பெருக்கன்று தொடங்குகிறது. முழுவதும் இப்போது வேண்டாம். ஐந்து பாகமும் சேர்ந்து முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவான அத்தியாயம், நாளுக்கு ஒன்று என்றாலும் பத்து மாதம் போகும், சதியும் கொலையும் பழியுமாக இருக்கும். முதல் சில அத்தியாயங்களை மட்டும் வாசித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டுமன்னார்கோயில் போய் ஏரியைக் காட்டிவிட்டு வாருங்கள். மீதி பன்னிரண்டு வயதில்.


பாகூர் ஏரிக்கரை:

9-ம் 5-ம் ஒன்றாக உட்காரலாம், 20 நிமிடத்தை இரண்டாகப் பிரித்தால். முதல் 7, 8 நிமிடம் சின்னவருக்கு: இரண்டு பாட்டு, ஒரு குட்டிக் கதை. பாட்டுக்கு அழ. வள்ளியப்பாவின் மலரும் உள்ளம், கவிமணியின் மலரும் மாலையும் நூலில் உள்ள குழந்தைப் பாடல்கள். ஒரே பாட்டை ஒரு வாரம் திரும்பத் திரும்ப வாசியுங்கள், நான்காம் நாள் வரியின் கடைசிச் சொல்லை நீங்கள் விட்டுவிட்டால் அவர் சொல்வார். மகளும் இதில் சலிக்க மாட்டாள், சின்னவருக்கு அவளையே வாசிக்கச் சொல்லலாம்.

மீதி 12 நிமிடம் பெரியவளின் தொடர்கதை. சின்னவர் கேட்டுக்கொண்டே தூங்கினால் தூங்கட்டும். 200 சொல் உள்ள பக்கத்தை நிதானமாக வாசிக்க 2 நிமிடத்துக்கு மேல் ஆகும், ஆகவே ஒரு நாளைக்கு ஐந்து பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தியாயம் ஐந்து ஆறு பக்கத்தில் முடியும் நூலாகப் பார்த்து எடுப்பது அதனால்தான். நடுவில் நிறுத்த நேர்ந்தால் ஆபத்து தீர்ந்த இடத்தில் நிறுத்துங்கள், தொங்கலில் நிறுத்தினால் ஐந்து வயது அழும்.

இந்த அளவுக்கு அச்சாகப் பொருந்துவது ராஜாஜி. வியாசர் விருந்தும் (மகாபாரதம்) சக்கரவர்த்தித் திருமகனும் (ராமாயணம்) வார இதழில் தொடராக வந்தவை என்பதால் அத்தியாயங்கள் சிறியவை, வாக்கியங்கள் இன்னும் சிறியவை. சக்கரவர்த்தித் திருமகனுக்கு 1958-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. வியாசர் விருந்தில் தொடக்கத்தில் வரும் அம்பை, யயாதி கதைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பீமனின் இளமைப் பருவத்திலிருந்து ஆரம்பித்தால் முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்வாள். கிளைக்கதைகளில் பெயர்கள் குவியும். ஓர் அட்டையில் பாண்டவர் ஒரு பக்கம், கௌரவர் ஒரு பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள், புதுப் பெயர் வரும்போது அவளே எழுதட்டும்.

மொழிபெயர்ப்பில் இரண்டு. குட்டி இளவரசன்: பிரெஞ்சில் 1943-இல் வந்தது. வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் நேரே பிரெஞ்சிலிருந்து தமிழாக்கினார்கள். 27 சின்ன அத்தியாயம். ஆசிரியரே வரைந்த படங்களைக் காட்டிக்கொண்டே வாசிக்க வேண்டும், முதல் அத்தியாயமே யானையை விழுங்கிய மலைப்பாம்பின் படத்தை வைத்து நடக்கிறது, படம் இல்லாத பதிப்பில் அது விளங்காது. முடிவில் பாம்பு கடிக்கும் இடம் மென்மையாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது, இருந்தாலும் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து வாசியுங்கள். ஐந்து வயதுக்கு இது எட்டாது, சின்னவர் தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது டோட்டோ-சான்: ரயில் பெட்டிகளே வகுப்பறையான ஒரு ஜப்பானியப் பள்ளி, உண்மைக் கதை. ஓர் அத்தியாயம் மூன்று நான்கு பக்கம், அன்றன்றைக்கு முடியும். நண்பன் யசுவாகி இறப்பதும் கடைசியில் குண்டு விழுந்து பள்ளி எரிவதும் உண்டு, மறைக்க வேண்டாம்.

உ.வே.சா.வின் என் சரித்திரத்தை முழுக்க வாசிக்கச் சொல்லவில்லை. ஆனால் அவர் சிறுவனாக இருந்த காலத்து அத்தியாயங்கள், திண்ணைப் பள்ளிக்கூடம், ஊர் ஊராக வாத்தியாரைத் தேடிப் போவது, இவற்றை எடுத்து வாசித்தால் மகளுக்கு வேறு உலகம் திறக்கும். எண்பது ஆண்டுக்கு முந்தைய தமிழ்தானா என்று தோன்றுமளவுக்குத் தெளிவான உரைநடை, வாய்க்கும் சுகம்.


தேவனாம்பட்டினம் பதில்:

எங்கே கிடைக்கும் என்ற கேள்வி மீதமிருக்கிறது. வாங்குவதற்கு முன் நூலகத்தில் எடுத்து ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள். பிள்ளைகள் "மறுபடி" என்று கேட்ட புத்தகத்தை மட்டும் விலைக்கு வாங்குங்கள். கடலூரில் மாவட்ட மைய நூலகம், புதுச்சேரியில் ரோமன் ரோலண்டு நூலகம். 1827-இல் தொடங்கியது அது, குழந்தைகள் பிரிவும் உண்டு. எடுப்பதற்குமுன் பக்கங்களை எண்ணிப் பாருங்கள், பிள்ளைகள் பிரிவுப் புத்தகங்களில் கடைசிப் பக்கம் கிழிந்திருப்பது வழக்கம்.

வாங்குவதற்கு நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி நல்ல இடம். ஒரே நூலின் பல பதிப்புகளைப் பக்கம் பக்கமாக வைத்து, மேலே சொன்ன நடுப்பக்கச் சோதனையைச் செய்ய அங்கேதான் வசதி.

பாரதி படைப்புகள் 1949-இலேயே நாட்டுடைமையானவை. கல்கியும் நாட்டுடைமை. புராஜக்ட் மதுரை தளத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகத்திலும் காசில்லாமல் எடுக்கலாம். ஆனால் பிள்ளைகள் முன் கைப்பேசியில் வாசிக்காதீர்கள், ஓர் அறிவிப்பு மணி அடித்தால் கதை போச்சு. அன்றைய பகுதியை மட்டும் ஏ4 தாளில் 16 புள்ளி எழுத்தில், வரிக்கு வரி ஒன்றரை இடைவெளி விட்டு, ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள். பின்பக்கம் சின்னவர் படம் வரைய ஆகும். தட்டச்சுப் பிழை இருக்கும், பென்சில் குறி போடும்போதே திருத்திக்கொள்ளுங்கள். சின்னவருக்குப் படக்கதை வேண்டுமென்றால் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் நிலை 1 முதல் 4 வரை பிரித்து வைத்திருக்கிறார்கள். அவை பழையவை அல்ல, ஆனால் பாட்டு முடிந்த பிறகு ஒரு நிலை 2 கதை நன்றாகப் பொருந்தும்.

பழைய புத்தகம் வாங்கினால், உள்ளே கறுப்புப் புள்ளியும் மக்கல் வாடையும் இருந்தால் வேண்டாம். பூஞ்சை இழுப்பு உள்ள பிள்ளைக்கு ஆகாது, அடுக்கில் உள்ள மற்றப் புத்தகங்களுக்கும் பரவும். லேசான வாடை மட்டும் என்றால் பக்கங்களை விசிறிபோல் விரித்து நிழலில் காற்றாட இரண்டு நாள் நிறுத்துங்கள். வெயிலில் வைத்தால் தாள் முறுகிப் பசை விடும். ஐப்பசி, கார்த்திகையில் சுவரை ஒட்டி அடுக்காமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள்.


நெல்லிக்குப்பம் வாசகி:

ஒன்று சேர்க்கிறேன். எடுத்த புத்தகத்தை முடித்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். மூன்று இரவு வாசித்தும் மகள் "அப்புறம்?" என்று கேட்கவில்லை என்றால் அதை அலமாரியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். பின்னட்டையில் தேதி போட்டு வையுங்கள், ஒரு வருடம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கலாம். பாட்டி வாசிக்கும் நாளும் நீங்கள் வாசிக்கும் நாளும் ஒரே புத்தகத்தில் மாறி மாறி வந்தால் குரலும் வேகமும் மாறி, பிள்ளைகள் குழம்புவார்கள். பாட்டிக்கு ஒரு புத்தகம், உங்களுக்கு ஒரு புத்தகம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.


கெடிலக்கரை:

சரி. பாட்டிக்குப் பரமார்த்த குரு, எனக்கு வியாசர் விருந்து. சனிக்கிழமை மைய நூலகம் போய் இரண்டையும் தேடுகிறேன். இருக்கும் பதிப்புகளின் பின்பக்கத்தைப் பார்த்து இங்கே எழுதுகிறேன், எது சரி என்று சொல்லுங்கள்.